வெறுங்காலும் வெற்றுடம்பும்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் ஆங்கிலப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சந்திரனை 'நேக்கட் ஐ' கொண்டே பார்க்கலாம் என்று ஒரு வாக்கியம் வந்தது. இதைத் தமிழில் சொல்லுங்கள் என்றோம். ஒரு பையன் துணிந்து எழுந்தான். "சந்திரனை அம்மணக் கண்ணால் பார்க்கலாம், சார்" என்றான். வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. பையனுக்கு அழாத குறைதான். ஆனால் அவன் மனம்போனபடி சொல்லவில்லை. அகராதியைப் பார்த்துத்தான் சொன்னான். அகராதிதான் அவனைக் கைவிட்டது.

வெறுங்கண் என்பதே அதற்குத் தமிழ். கண்ணாடியோ தொலைநோக்கியோ துணையில்லாத கண். இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்வி எங்களை நிறுத்திவிட்டது. "ஒரே சொல் கண்ணுக்கு வந்தால் நல்ல சொல், உடம்புக்கு வந்தால் கெட்ட சொல்லா, சார்?" என்றான். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறோம்.

ஆங்கிலத்தில் மூடாமல் இருப்பதைச் சொல்ல முக்கியமாக மூன்று சொற்கள் உண்டு: 'பேர்', 'நேக்கட்', 'நியூட்'. முதல் இரண்டும் அம்மொழியின் பழைய சொற்கள். மூன்றாவது லத்தீனிலிருந்து வந்து சேர்ந்தது. 'பேர்' என்பதில் குற்றமும் இல்லை, வெட்கமும் இல்லை. செருப்பில்லாத கால், கருவியில்லாத கை, இலையுதிர்ந்த மரம், சாமான் இல்லாத அறை எல்லாம் 'பேர்' தான். கரடிக்கும் ஆங்கிலத்தில் அதே ஒலிதான், எழுத்துதான் வேறு. பிள்ளைகள் இதில் தடுமாறுவது வழக்கம். 'நேக்கட்' என்றால் மூடியிருக்க வேண்டியது மூடாமல் இருப்பது. அதில் வெட்கமும் உண்டு, ஆபத்தும் உண்டு. உறையிலிருந்து உருவிய வாளும், கூண்டில்லாமல் எரியும் விளக்கும், பூசி மெழுகாத உண்மையும் 'நேக்கட்' ஆகும். 'நியூட்' படித்தவர் வாயில் வரும் சொல். அதை ஓவியக் கூடத்திலும் சட்டப் புத்தகத்திலும் காணலாம். ஓவியர் தீட்டிய உடலை 'நியூட்' என்பார்கள். அதே ஓவியர் குளிக்கும்போது கதவு திறந்துகொண்டால் 'நேக்கட்' என்பார்கள்.

நம் மொழியிலும் இப்படித்தான். வெறுங்கை, வெறுங்கால், வெறும் வயிறு என்கிறோம். தாய்மார்களே, வெறுங்கழுத்து என்ற சொல் எவ்வளவு பாரமானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆணின் கழுத்தை யாரும் வெறுங்கழுத்து என்று சொல்வதில்லை. எது இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறதோ, அது இல்லாத இடத்தில்தான் இந்தச் சொல் வந்து உட்காருகிறது.

அம்மணம் என்ற சொல்லின் கதை இன்னும் வியப்பானது. பழந்தமிழ் நாட்டில் சமண முனிவர்களை அமணர் என்றார்கள். அவர்களில் திகம்பரர் என்போர் திசைகளையே ஆடையாகக் கொண்டவர்கள். உலகத்தைத் துறந்தபோது உடையையும் சேர்த்துத் துறந்தார்கள். அந்த அமணம் என்ற சொல்லே அம்மணம் ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். நிர்வாணம் என்பதோ வடமொழியில் விளக்கு அணைவதைப் போல ஆசை அணைந்த நிலையைக் குறிக்கும் சொல். புத்தர் அடைந்ததை நிர்வாணம் என்கிறார்கள். தமிழில் அது உடையில்லாமையையும் குறிக்க வந்துவிட்டது. ஆக, நாம் வெட்கத்தோடு சொல்லும் இரண்டு சொற்களும் துறவிகளின் வீட்டிலிருந்து வந்தவை.

சொற்களை இங்கே நிறுத்திவிட்டு, கொஞ்சம் சிங்கப்பூருக்குப் போய் வருவோம். ஜொகூர்த் தோட்டங்களில் இருப்போருக்கு அது தூரமில்லை. 1923இல் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் துணி எடுக்கப் போனவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்த நகரத்தில் தமிழனின் வெற்றுடம்பை ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒன்றரை நூற்றாண்டு அருகிலிருந்து பார்த்தார்கள். என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்ப்போம்.

1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் அங்கே கால் வைத்தார். அதே ஆண்டு மே மாதம் அவரோடு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவர் நாராயண பிள்ளை. அவர் செங்கற்சூளை வைத்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். 1825இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே அந்தக் கைதி முறை 1873இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் அவர்கள் சாலை போட்டார்கள், சதுப்பு நிலம் தூர்த்தார்கள், சிராங்கூன் பக்கத்தில் செங்கல் அறுத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள் கைகளே. 1856இல் அடிக்கல் நாட்டி, 1862இல் அர்ச்சித்தார்கள். அதன் உட்சுவர்களில் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. உடம்பில் ஒரு முழத் துணியோடு நின்றவர்கள் சுவருக்குப் பட்டு உடுத்தினார்கள் என்று எங்களுக்குத் தோன்றும்.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் கிழக்கு நாடுகளின் கூலியாட்களைப் பற்றி எழுதும்போது 'நேக்கட்' என்றும் 'பாதி நேக்கட்' என்றும் தாராளமாக எழுதினார்கள். கோவணம் கட்டிக்கொண்டு ஏற்றம் இறைக்கிறவனை எந்தத் தமிழராவது அம்மணம் என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். அவன் வேலைக்கு ஏற்ற உடையில் இருக்கிறான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கம்பளிக் கோட்டும் காலுறையுமாக வியர்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குத்தான் அவன் உடையில்லாதவன். அங்கே இருந்தது என்ன என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. பார்த்தவர் எதை எதிர்பார்த்தார் என்பதைத்தான் சொல்கிறது.

அந்தக் கைதிகள் தாங்களே வெட்கப்பட்ட வெறுமை ஒன்று உண்டு. அது மார்பும் அல்ல, காலும் அல்ல, நெற்றி. இந்தியாவில் ஆயுள் தண்டனை பெற்ற பலரின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் கொடுமை அப்போது இருந்தது. 1849இல்தான் அது கைவிடப்பட்டது. குத்தப்பட்டவர்கள் தலைப்பாகையைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டி அதை மறைத்தார்கள். வெற்றுடம்போடு வெயிலில் நிற்பதற்குக் கூசாதவர்கள், நெற்றி தெரிந்துவிடக் கூடாது என்று துணி சுற்றினார்கள். அவர்களுக்கு 'நேக்கட்' என்பது அதுதான்.

இனி வெறுங்காலைப் பார்ப்போம். மாரியம்மன் கோயிலில் 1840 முதல் தீமிதி நடந்துவருவதாகக் கோயில் வரலாறு கூறுகிறது. ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன், பக்தர்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயிலுக்கு வருகிறார்கள். வெறுங்காலோடு பூக்குழி இறங்கி, கடைசியில் பால் குழியில் காலை நனைக்கிறார்கள். தைப்பூசத்தன்று அதே பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் வரையில் காவடி வருகிறது. ஆண்கள் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் பட்டப் பகலில் பெருநகரத்தின் நடுச்சாலையில் நடக்கிறார்கள். அன்றைக்கு அதைப் பார்த்து முகம் சுளிப்பவர் இல்லை. சட்டையைக் கழற்றுவது அங்கே மரியாதை. ஆங்கிலேயர் தேவாலயத்துக்குள் தொப்பியைக் கழற்றித் தலையை 'பேர்' ஆக்கிக்கொள்கிறார். நாம் வாசலில் செருப்பைக் கழற்றிக் காலை 'பேர்' ஆக்கிக்கொள்கிறோம். இருவரும் எதையோ ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

டேங்க் சாலைக் கோயிலை நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டியது 1859இல். அதே 1859ஐ நாம் இன்னொன்றுக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கன்னியாகுமரிப் பகுதியில், நாடார் முதலான சமூகத்துப் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மூடக் கூடாது என்பது வழக்கம். மூடிய பெண்களின் துணியைச் சந்தையிலும் தெருவிலும் கிழித்தார்கள். 1858 முதல் கலவரம் மூண்டது. 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜா உத்திரம் திருநாள் ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் மேலுடம்பை மூடலாம் என்றார். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வாலும் அதில் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு இதைக் குறிக்கிறது. ஒரு கரையில் ஆண்கள் தாமாக முன்வந்து மேல்துண்டைக் கழற்றிச் சாமி கும்பிட்டார்கள். மறு கரையில் பெண்கள் மேல்துணியைப் போட்டுக்கொள்ளும் உரிமைக்காக அடிபட்டார்கள். இரண்டும் வெற்றுடம்புதான். தானாகக் கழற்றியதா, கழற்ற வைத்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கழற்ற வைத்த கதை நம் முன்னோருக்கும் உண்டு. சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் குவாரண்டைன் நிலையம் இருந்தது. கப்பலின் மேல்தட்டில் வந்தவர்கள் அங்கே இறக்கப்பட்டார்கள். உடுத்தியிருந்ததை ஆவியில் அவிக்கக் கொடுத்துவிட்டு, மருந்து நீரில் குளித்து, துணி திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள். தொற்றுநோய்க் காலத்தில் அது தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரைவிட்டு முதன்முறையாகக் கடல் கடந்து வந்த பெண்ணுக்குப் புதிய நாட்டின் முதல் வரவேற்பு அதுவாக இருந்தது.

காந்தியடிகள் கதையும் இங்கே சேரும். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, மதுரையில், அவர் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு முழங்காலளவுத் துண்டுக்கு மாறினார். ஏழைக்கு அதற்கு மேல் கிடைக்கவில்லை என்பதே காரணம். 1931 பிப்ரவரியில் அவர் வைசிராய் இர்வினைச் சந்திக்கப் போனபோது, இங்கிலாந்தில் வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு கூட்டத்தில் கொதித்தார். பக்கிரி வேடம் போடும் வழக்கறிஞர் ஒருவர் 'பாதி நேக்கட்' ஆக வைசிராய் மாளிகைப் படியேறுகிறாரே என்றார். அரை நிர்வாணப் பக்கிரி என்று நாம் சொல்லிவருவது அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. உண்மையில் அவர் அந்தச் சொற்களை அப்படி அடுத்தடுத்து வைத்துச் சொல்லவில்லை. மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பாதி உடம்போடு வந்தவரிடம்தான் அடுத்த மாதமே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சிராங்கூன் சாலைக்கு அருகே ரேஸ் கோர்ஸ் லேனில் காந்தி நினைவு மண்டபம் இருக்கிறது. 1950இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். தேக்கா பக்கம் போகிறவர்கள் ஒருமுறை அந்த வழியாக நடந்து பாருங்கள்.

தோட்டத்தில் தோள் துண்டுக்கும் ஓர் அரசியல் இருந்தது. துரை வந்தால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கும். ஊரில் பண்ணையாருக்கு இறக்கியது, இங்கே துரைக்கு இறங்கியது. சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் பாடுபட்ட கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். 1929இல் பெரியார் வந்துபோன அலை அது. துண்டைத் தோளிலேயே வைத்துக்கொள் என்ற பேச்சு நம் லயங்களுக்கும் வந்தது. அந்தச் சீர்திருத்தக்காரர்கள் காவடியையும் தீமிதியையும் எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்தர்களுக்குப் பெருமையாக இருந்த வெற்றுடம்பு, உலகம் பார்த்து நகைக்கிறதே என்று இவர்களுக்கு வேதனையாக இருந்தது. இரு தரப்பிலும் நல்லவர்கள் இருந்தார்கள். எங்கள் கருத்து: நகைத்த கண்ணைக் கேட்காமல் நகைக்கப்பட்ட உடம்பை மட்டும் கேட்டது ஒரு குறை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் ஒரு கோரிக்கை, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. துண்டு இறங்குவதும் சைக்கிளிலிருந்து இறங்குவதும் ஒரே இறக்கம்தான்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. துணி கிடைக்காத காலம் வந்தது. எங்கள் தாத்தா அப்போது இளைஞர். சாக்கை வெட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு பால் மரத்துக்குப் போனதைச் சொல்வார். சாக்கு அரித்த தழும்பைக் காட்டுவார். வீட்டில் இருந்த ஒரே சேலையை அம்மாவும் மகளும் முறைவைத்து உடுத்திக்கொண்டு வெளியே போனதாகப் பாட்டி சொல்வார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் பேரைப் பற்றி நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டிருப்பீர்கள்.

அந்த இருட்டில்தான் இன்னொன்றும் நடந்தது. 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமை நேதாஜி திறந்து வைத்தார். தலையில் துண்டு கட்டிப் பால் வெட்டிய நம் தோட்டத்துப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். சேலையை மடித்து வைத்துவிட்டு, காற்சட்டையும் தொப்பியும் பூட்ஸும் அணிந்து துப்பாக்கி பிடித்தார்கள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உடம்பு முழுக்க மூடித்தான் இருந்தது. ஆனாலும் பேசியிருக்கும்.

மூடியிருந்தாலும் பேசும் என்பதற்குச் சட்டத்திலேயே சான்று உண்டு. பொது இடத்தில் 'நியூட்' ஆகத் தோன்றுவது குற்றம் என்று சிங்கப்பூர் 1996இல் சட்டத்தில் சேர்த்தது. தம் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் வெளியாள் கண்ணில் பட்டால் குற்றம். இரண்டாயிரம் வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தச் சட்டம் 'நியூட்' என்பதற்குத் தரும் விளக்கம்தான் கவனிக்கத்தக்கது. பொது ஒழுக்கத்துக்கோ ஒழுங்குக்கோ கேடாகும் விதத்தில் உடை உடுத்தியிருப்பவரும் அதில் அடங்குவார் என்கிறது. அதாவது, உடை உடுத்தியவரும் 'நியூட்' ஆகலாம். அந்தச் சட்டம் இருக்கும் அதே நகரத்தில்தான் தைப்பூசத்தன்று ஆயிரக்கணக்கானோர் வெற்று மார்போடு நடக்கிறார்கள். காவலர்கள் அவர்களுக்காகப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தி வழிவிடுகிறார்கள். ஒருவர் மேல் எத்தனை முழம் துணி இருக்கிறது என்று அளந்து இதைத் தீர்மானிக்க முடியாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

எங்களுக்கு இதில் சொந்த நினைவு ஒன்று உண்டு. சிறு வயதில் தாத்தாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். தாத்தா சலவைச் சட்டை போட்டிருந்தார், வேட்டி கட்டியிருந்தார். காலில் மட்டும் ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டு அட்டைக்கடி பட்ட கால் அது; செருப்புப் போட்டால் நடை வராது. வாசலில் இருந்தவர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் நிற்கச் சொன்னார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டப் போகிறாரோ என்று பயந்தோம். கட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். பின்பக்கம் போய் நின்றோம்.

பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலச் சொற்களைப் படித்தபோது, 'பேர்' என்பதில் குற்றமில்லை என்று விரிவுரையாளர் சொன்னார். அந்த வாசற்படிதான் ஞாபகத்துக்கு வந்தது.

வகுப்புக்குத் திரும்புவோம். இந்தக் கதைகளில் பிள்ளைகளுக்கு ஏற்ற சிலவற்றைச் சொல்லிவிட்டு, மூன்று சொற்களில் ஏதாவது ஒன்றை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வரச் சொன்னோம். பலர் பாடநூலில் இருந்ததையே எழுதி வந்தார்கள். சந்திரனை வெறுங்கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் ஏழு பேர். அந்தப் பையன் வேறு எழுதியிருந்தான். தன் தாத்தா வெறுங்காலோடு முந்நூறு மரம் வெட்டினார் என்பது வாக்கியம். ஆனால் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டான். கரடிக்காலோடு வெட்டினார் என்று ஆகியிருந்தது. அரை மதிப்பெண் குறைத்து, மீதியைப் போட்டுக் கொடுத்தோம்.